அத்தை தூக்கிக்கொண்டு நடந்த நாட்கள்

என் அத்தைக்கு ஒரே ஒருமுறை சறுக்குமரத்தில் சறுக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த, கல்யாணம் அமையாத ஒரு பெண் வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூடிய ஆசையா அது? அவள் அப்பாவின் தங்கை. பாளையங்கோட்டையில் எங்களோடுதான் இருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையில், வேன் பிடித்து எல்லோரும் மணிமுத்தாறு அணைக்குப் போனோம். அணைக்குக் கீழே இருந்த பூங்காவில் தகரச் சறுக்கு ஒன்றைக் கண்டதும் அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"சறுக்குதியாட்டி? பயமா இருந்தா நான் மடியில வச்சுக்கிடுதேன்."

எனக்கு அப்போது ஐந்து வயது முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் தினமும் சறுக்குகிறவள் நான், பயமெல்லாம் கிடையாது. ஆனால் அவள் கேட்ட விதத்தில் என்ன இருந்ததோ, பயமாக இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அத்தை சேலையை வாரிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். உச்சியில் என்னை மடியில் இருத்தி, சுற்றிலும் யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தாள். பிறகு இறங்கினோம். என் காதோரம் அவள் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. வீட்டில் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டதே இல்லை. பாதி வழியில் என் ரப்பர் செருப்பு தகரத்தின் விளிம்பில் பிடித்துக்கொண்டது. கால் அங்கேயே நின்றுவிட, அத்தையின் கனமும் என் கனமும் சேர்ந்து கீழே போய்க்கொண்டிருந்தன. அந்தச் சிரிப்பு நின்றதும் நான் அலறியதும் ஒன்றாகத்தான் நடந்தன.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ரத்தம் இல்லை, பெரிய வீக்கமும் இல்லை. அழுது அழுது வேனிலேயே தூங்கிப்போனேன். மறுநாள் காலை பாயை விட்டு எழுந்து வலது காலை ஊன்றப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்த இளம் டாக்டர் எலும்பில் ஒன்றுமில்லை, சதைப்பிடிப்புதான், இரண்டு நாளில் ஓடுவாள் என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு நாள் போனது. நான் ஓடவில்லை, தவழ்ந்தேன். அப்போது என் தம்பி பிறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆகவே காரணம் எல்லோருக்கும் பளிச்சென்று விளங்கிவிட்டது. தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்த்து இவளும் கைக்குழந்தையாகிவிடப் பார்க்கிறாள். அப்பா முறுக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் மறுகோடியில் நின்று என்னைக் கூப்பிட்டுப் பார்த்தார். நான் முட்டிபோட்டுத் தவழ்ந்து போய் வாங்கிக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, பிள்ளை நடிக்கலை. தூக்கத்துல புரளும்போது முனங்குதா. தூங்கும்போதுமா நடிப்பா?"

"படத்துல ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லுதாரு."

"படத்துல இல்ல. கால்ல இருக்கு."

அன்றிலிருந்து அவள் என்னைத் தரையில் விடவில்லை. அவளே அடம்பிடித்து, ஒன்றரை வாரம் கழித்து வேறொரு டாக்டரிடம் தூக்கிப்போனாள். அவர் வயதானவர். என் முழங்காலிலிருந்து கீழே முன்னெலும்பு நெடுக விரலால் பைய அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நான் துடித்தேன். இன்னொரு படம் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பில் சாய்வாக ஒரு மயிரிழைக் கீறல், அதன் ஓரத்தில் பனி படிந்த மாதிரி ஒரு வெளுப்பு.

"பெரியவங்க யாராவது மடியில வச்சுச் சறுக்கினியளா?" என்று கேட்டார்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"நெறைய பேர் இப்படித்தான் வாராங்கம்மா. பிள்ளை தனியாச் சறுக்கியிருந்தா கால் மாட்டினாலும் நின்னுருக்கும். பெரியாள் கனம் சேருதுல்ல, முறுக்கிவிட்டுருது. சின்னப் பிள்ளைகளுக்கு முதல் படத்துல இது தெரியாமப் போறதுண்டு. ஒட்ட ஆரம்பிச்ச பெறகுதான் ஒடிஞ்சதே தெரியும்." அத்தையின் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, "பயப்படாதிய. நமக்குன்னா மாசக்கணக்கு. இவளுக்குச் சீக்கிரம் கூடிரும். தழும்புகூட இருக்காது" என்றார்.

தொடை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஈரமாகச் சுற்றிய கட்டு மெல்ல மெல்லச் சூடானது.

அதற்குப் பிந்திய வாரங்களைப்போல என் வாழ்வில் வேறு நாட்கள் வரவில்லை. அம்மாவின் இடுப்பில் தம்பி. அத்தையின் இடுப்பில் நான். அவள் தண்ணீர் பிடிக்கும்போதும், மாடியில் துணி காயப்போடும்போதும், சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போதும் நானும் கூடவே இருந்தேன். கட்டுப்போட்ட கால் ஒரு விறகுக்கட்டை மாதிரி அவள் முன்னால் நீட்டிக்கொண்டு போகும். உலகத்தை அவள் தோள் உயரத்திலிருந்து பார்த்தேன். கடைகளின் மேல்தட்டில் இருக்கும் பாட்டில்களெல்லாம் எனக்குத் தெரிந்தன. பவுடரும் வேர்வையும் கலந்த அவள் கழுத்து வாசனையில் அப்படியே தூங்கிவிடுவேன். குறுக்குத்துறையில் ஆற்றுப் படியில் என்னை உட்காரவைத்து, கட்டின்மேல் பாலிதீன் பை சுற்றி, மற்ற காலை மட்டும் தண்ணீரில் விடச் சொல்வாள். மீன்குஞ்சுகள் வந்து கடிக்கும். கட்டுக்குள் அரித்தால் டாக்டர் கூடாது என்று சொன்னதையும் மீறி ஈர்க்குச்சியால் சொறிந்துவிடுவாள்.

ஒருநாள் சாயங்காலம் மெட்ராஸிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். ஒரு வயதான அம்மாள், அவருடைய மகன், இன்னும் இரண்டு பேர். அத்தைக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டு அம்மா என்னை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். நான் அத்தையின் கழுத்தை விடவில்லை. அம்மா இழுக்க, நான் கத்த, கடைசியில் காப்பித் தட்டை அம்மா எடுத்துக்கொள்ள, அத்தை பட்டுச்சேலையோடு என்னையும் தூக்கிக்கொண்டே கூடத்துக்கு வந்து நின்றாள். அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

ஆனால் அந்த அம்மாள் என்னையே பார்த்தார். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை. "ரொம்ப நாளா நீதான் தூக்கிட்டு இருக்கியாம்மா? கனக்கலையா?" என்றார். "ராத்திரி அழுதா யாரு எந்திரிப்பா?" என்றார்.

"நாந்தான். எங்கூடத்தான் படுத்துக்கிடுவா" என்றாள் அத்தை.

மகன் காப்பியைக் குடித்தபடி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் கட்டை மெல்லத் தொட்டு, வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார். வந்தவர்கள் கேட்டதெல்லாம் என்னைப்பற்றித்தான் என்பதில் எனக்கு மிகுந்த பெருமை.

அவர்கள் போனபின் மாடியில் அப்பா அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல அவள் மடியில் இருந்தேன்.

"அவங்களுக்கு முழுச் சம்மதம். ஒனக்கு இஷ்டமில்லன்னா சொல்லிருட்டி. நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்."

அத்தை என் கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, "பிள்ளைக்கு என்ன வயசாகுது?" என்று கேட்டாள்.

என் வயதுகூட அத்தைக்கு மறந்துவிட்டதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நானே சொன்னேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை என் தலையை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அது அவளுடைய சம்மதம் என்று அப்பாவுக்குப் புரிந்திருக்கிறது.

கட்டைப் பிரித்த அன்று உள்ளேயிருந்து வந்தது வேறு யாருடைய காலோ. மெலிந்து, வெளுத்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. எண்ணெய் தேய்க்க வேண்டாம், இழுத்துப் பழக்க வேண்டாம், அவளாக நடப்பாள், கொஞ்ச நாள் காலை விந்தி நடப்பாள், பிறகு அதுவும் போய்விடும் என்றார் டாக்டர். நான் முதலில் தவழ்ந்தேன். பிறகு சுவரைப் பிடித்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடந்தேன். தூக்கச் சொல்லிக் கை நீட்டினால் அத்தை இப்போது தூக்குவதில்லை.

"பைய வா. நான் இங்கனதான நிக்கேன்."

கிட்டே போனதும் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றுகொள்வாள். அப்படியே கூடம் முழுவதும் நடக்கவைத்தாள், பிறகு முற்றம், பிறகு தெருவாசல். விந்தாமல் முதல்முறை வாசல்வரை போய் அவள் காலைக் கட்டிக்கொண்டபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றாக நடந்துவிட்டேனே, எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

கல்யாணம் கோயிலில் சுருக்கமாக நடந்தது. இரண்டாம் நாள் மாலை ஜங்ஷனுக்கு வழியனுப்பப் போனோம். மெட்ராஸ் ரயில் நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாளின் தோளில் மூன்று வயதுப் பையன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டில் அவனைப் பார்த்திருந்தேன். யாரோ சொந்தக்காரப் பிள்ளை என்று நினைத்திருந்தேன். ரயில் ஊதியதும் அவன் விழித்து அழத் தொடங்கினான். அத்தையின் மாப்பிள்ளை அவனை வாங்கி, சற்றுத் தயங்கி, அத்தையிடம் நீட்டினார். தாயில்லாத அந்தப் பிள்ளைக்காகத்தான் அவர்கள் பெண் தேடி வந்தார்கள் என்பதும், என்னைச் சுமந்து நின்ற இடுப்பைப் பார்த்துத்தான் முடிவுசெய்தார்கள் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று நான் பார்த்ததெல்லாம், அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனை இடதுபக்க இடுப்பில், நான் இருந்த அதே இடத்தில், ஏற்றிக்கொண்டதைத்தான்.

"அவனுக்கும் கால் ஒடிஞ்சிருச்சா அத்தை?" என்று கேட்டேன்.

அம்மா என் தோளை அழுத்தினாள். அத்தை அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஆமாட்டி. அவனுக்கும் கொஞ்ச நாள்ல சரியாயிரும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. கால் சரியாக எவ்வளவு நாள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அவன் நடக்கத் தொடங்கியதும் அத்தை வந்துவிடுவாள். ரயில் போன பிறகு அப்பா தூக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிளாட்பாரம் முழுவதும் நானே நடந்து வந்தேன்.