கித்தாரின் முதுகில் ஒரு ஸ்குரு

இன்று டத்தோ கிராமாட் பக்கம் ஒரு கல்யாண விருந்து. மணமக்கள் உள்ளே நுழையும்போது முதல் அடி என் கித்தாருடையது.

பேட்டரியில் ஓடும் புதுக் கித்தார். ஒத்திகையிலேயே கர்ரென்று இரைந்தது.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் இருந்த முருகன் அண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினார். "தம்பி, உன் கித்தார் ஓவரா தள்ளுதுலா! ஸ்பீக்கர் போச்சுன்னா யாரு பொறுப்பு?"

"கித்தார்ல ஒண்ணும் இல்லண்ணே. உங்க மிக்சர பாருங்க."

அதோடு பேச்சு நின்றது.

ஆனாலும் எனக்கு உறுத்தியது. மேடைக்குப் பின்னால் போய்க் கித்தாரின் முதுகு மூடியைக் கழற்றினேன். சத்தத்தின் அளவை மாற்றும் குட்டி ஸ்குரு உள்ளே இருக்கும். அதை நன்றாகக் குறைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அதே நேரத்தில் அவரும் மிக்சரில் என் சத்தத்தை இறக்கியிருக்கிறார். அவரும் சொல்லவில்லை.

திரும்பி வந்து தட்டினால் கொசு சத்தம்கூட இல்லை.

"பொண்ணு மாப்பிள வந்தாச்சு!" என்று வாசலில் குரல்.

வியர்த்துவிட்டது. மறுபடி மூடியைத் திறந்து ஸ்குருவை முழுக்க ஏற்றினேன். அங்கே அவரும் மிக்சரில் என் சத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கதவு திறந்தது. அடித்தேன்.

இடி விழுந்தது போல இருந்தது. முன்வரிசை மாமா குடித்துக்கொண்டிருந்த சிவப்புச் சிராப் அவர் சட்டையில். மாப்பிள்ளை பயந்து மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

விருந்து முடிந்ததும் பெண்ணின் அம்மா நேராக எங்களிடம் வந்தார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"எண்ட்ரி பெஸ்ட்லா தம்பி! அடுத்த மாசம் சின்னவளுக்கு நிச்சயம். அதே மாதிரி அடிக்கணும், சரியா?"

அதே மாதிரி வர வேண்டுமென்றால் நானும் முருகன் அண்ணனும் மறுபடி சண்டை போட்டாக வேண்டும். எதை வைத்துத் தொடங்கலாம், சொல்லுங்கள்.