வென்டல் நீந்தி வாங்கிய புள்ளி

வென்டல் பிகின்ஸ் என் சின்னம்மா மகள் ஓரலீனுடைய மூன்றாவது பிள்ளை. பெல்ஃபோர்ட் கல்லூரிக்காரர்கள் அவனை, ஆளை ஆள் இடித்துத் தள்ளுகிற அமெரிக்க ஃபுட்பால் ஆடக் கூட்டிப்போனது மூளையைப் பார்த்து அல்ல, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற உடம்பைப் பார்த்து. நாலு வருஷம் ஆடினான். கடைசி சீசனில் முட்டி போயிற்று. அந்த வாரமே விடுதிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பட்டத்துக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அப்புறம் பத்து வருஷம் செப்டிக் டேங்க் லாரி ஓட்டினான். கனமான குழாயை இழுத்து இழுத்து, மிச்சமிருந்த முட்டியும் தேய்ந்தது. கவுண்டி அலுவலகத்தில், அதாவது எங்கள் ஜில்லா ஆபீஸில், மேற்பார்வை வேலை ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆனால் பட்டம் கேட்டார்கள்.

நான் அப்போது அதே கல்லூரியில் ஆட்டக்காரப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தேன். ஆடுகிற பிள்ளைகள் தேறுகிறார்களா, பாதியில் ஓடுகிறார்களா என்று, கல்லூரி ஆட்டங்களை நடத்தும் மேலிடம் வருஷாவருஷம் ஒவ்வொரு அணிக்கும் புள்ளி போடும். அளவுக்குக் கீழே இறங்கினால் சீசன் முடிவில் வரும் பெரிய ஆட்டம் கிடையாது. அந்த வருஷம் எங்களுக்கு ஒரு புள்ளி குறைந்தது. விட்டுப்போன பழைய ஆள் ஒருவன் திரும்பி வந்து பட்டம் வாங்கினால் அது கிடைத்துவிடும். உடனே கல்லூரிக்கு வென்டல் ஞாபகம் வந்துவிட்டது!

ஆட்டக்காரர்களின் படிப்பைக் கவனிக்கும் ஹாலிஸ், மெத்தடிஸ்ட் சர்ச்சுக்குப் பின்னால் தொட்டியை உறிஞ்சிக்கொண்டிருந்தவனைத் தேடிப் போனார், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"வென்டல்! நம்ம குடும்பம்ல நீ!"

"அப்படியா சார்? பத்து வருஷமா ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிடல?"

"ஒரு பாடம்தான்டா பாக்கி. நீச்சல்."

"கோல்ஃப் மூணு தடவ படிச்சேனே, அது பத்தாதா?"

கோல்ஃப் பாடம் மூன்றையும் அவன் பேரில் எழுதிப்போட்டவர் ஹாலிஸ்தான். சுலபமாகத் தேறட்டும் என்று. பட்டத்துக்கு நீச்சல் கட்டாயம் என்பதை நாலு வருஷமும் ஒருவரும் பார்க்கவில்லை.

நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் ஷெல்பி. ஈர்க்குச்சி மாதிரிப் பெண். ஹாலிஸ் அவளிடம் குழைந்தார். "நீந்துன மாதிரி போட்டுடும்மா."

"தரையில கால் படாம இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குப் போகணும். போனா கையெழுத்து."

வென்டல் நீச்சல்குளத்தில் இறங்கியதும் தண்ணீர் மேலே வழிந்து ஹாலிஸின் சப்பாத்தை நனைத்தது. ஆள் நேராக அடிக்குப் போனான். பாடம் நடந்த ஆறு வாரமும் இதே கதைதான். கடைசியில் ஒருநாள் இருமிக்கொண்டே சொன்னான்:

"நீங்களும் எறங்குங்க சார். என் வயித்தப் பிடிச்சுக்கங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதுடா."

"அப்ப ஒங்களுக்கு எவன் பட்டம் குடுத்தான்?"

ஷெல்பி சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு, "மல்லாந்து படுங்க, வென்டல்," என்றாள். படுத்தான். வயிறு படகாக மிதந்தது. இத்தனை நாளும் அந்த வயிற்றைக் கீழே வைத்தல்லவா பாடுபட்டிருக்கிறார்கள்!

பரீட்சை அன்று என் சமையலறைக் கூட்டம் முழுதும் குளத்தங்கரையில் நின்றது. வென்டல் மல்லாந்து காலை அடித்துக்கொண்டு கிளம்பினான். பாதியில் முட்டி பிடித்துக்கொண்டது. முகம் கோணியது, இடுப்பு இறங்கியது. புள்ளிக்காக வந்து நின்ற ஃபுட்பால் பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார். அவன் மனைவி வெர்லீன் கத்தினாள்:

"ஏய், அந்த லாரியிலயே கெடந்து சாகப்போறியா? கைய வீசுய்யா!"

வீசினான். கோணல்மாணலாகப் போய் அந்தக் கரைச் சுவரில் மண்டையை இடித்துக்கொண்டு நின்றான். ஷெல்பி கையெழுத்துப் போட்டாள்.

புள்ளி வந்தது. அணி பெரிய ஆட்டத்துக்குப் போய் நாற்பத்தொன்றுக்கு மூன்று என்று உதை வாங்கித் திரும்பியது. வென்டலுக்குக் கவுண்டி நாற்காலி கிடைத்தது. அவன் உடம்புக்கு வேறு நாற்காலி செய்யவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வசந்தத்தில் ஹாலிஸ் என் அடுப்படிக்கு வந்தார். "அம்மா, உங்க சொந்தத்துல இன்னும் யாராவது பாதியில போனவங்க..."

"ஒன்பது பேரு சார். ரூஃபஸ்லேர்ந்து சொல்லவா? அவனையும் நீங்கதான் தொரத்துனீங்க."

மனுஷன் வெட்கப்படவில்லை. பேனாவை எடுத்தார்.