ஷ்லீரனில் விற்றுத் தீர்ந்த வரலாறு

சிறீதரனின் முதல் புத்தகமான கவிதைத் தொகுதியின் பிரதிகளில் பாதிக்குமேல் அவர் வீட்டுக் கெல்லரில், நிலத்துக்குக் கீழே, கட்டுப் பிரியாமல் கிடக்கிறது. மீதியை வாங்கியவர்களும் வாசித்ததில்லை. எங்கள் ஆட்களைத் தெரியாதா? நூல் வெளியீட்டுக்கு வருவார்கள், மேடையேறிப் பிரதி வாங்கிப் படத்துக்கு நிற்பார்கள், வடையைத் தின்றுவிட்டுப் புத்தகத்தைக் காரின் பின்சீற்றில் மறந்துபோவார்கள்.

மனிதர் அடங்கினாரா என்றால் இல்லை. ஷ்லீரன் நகரத்தில் பாண் சுடும் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் மரிசெல் என்ற பிலிப்பினோப் பெண், இடைவேளைகளில் தன் நாட்டுக் கதைகளைச் சொல்லச் சொல்ல அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நூலகத்தில் ஜெர்மன் புத்தகங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, பிலிப்பினோ மக்களின் வரலாற்றைத் தமிழில் எழுதியே முடித்துவிட்டார்.

"இதுவும் கெல்லருக்குத்தான் வரப்போகுதெண்டால், பனியிலை சறுக்கிற ஸ்கீயளை நான் எங்கை வைக்கிறது?" என்றார் மனைவி சந்திரமதி.

"ஒரேயொரு ஆள் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சால் எனக்குக் காணும்" என்றார் சிறீதரன். உண்மையாகவே அவர் ஆசை அவ்வளவுதான்.

வெளியீட்டு நாளும் வந்தது. அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு மண்டபத்துக்குப் போவது எங்கள் வழக்கமில்லை. இது தெரியாத மரிசெல், ஞாயிறு பூசை முடிந்த கையோடு தோழிகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நன்றிப் பக்கத்தில் தங்கள் பெயர்கள் லத்தீன் எழுத்தில் இருப்பதைக் கண்டதும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. தமக்கொன்று, அம்மாவுக்கொன்று, ஊரிலிருக்கும் தம்பிக்கொன்று என்று அள்ளினார்கள். பூரிப்பில் சிறீதரன் தன் சொந்தப் பிரதியையும் கொடுத்துவிட்டார். எங்கள் சனம் வந்து சேர்ந்தபோது மேசை வெறுமையாக இருந்தது.

இல்லையென்றதும்தான் எல்லோருக்கும் அந்தப் புத்தகம் வேண்டியிருந்தது. சிறீதரனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தனையும் விற்றாயிற்று, ஆனால் வாங்கியவர்களில் ஒருவருக்கும் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது.

எந்த நூலையும் பின்னட்டையை மட்டும் பார்த்து மதிப்புரை செய்யும் பாலேந்திரன் அண்ணை, அன்று பின்னட்டைகூட இல்லாமல் பேசி வெளுத்து வாங்கினார். கைதட்டலில் மயங்கி, பத்திரிகைக்கும் எழுதித் தருவதாக மேடையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். எழுதப் புத்தகம் வேண்டுமே. மறுபதிப்பு சென்னையிலிருந்து வர நாளெடுக்கும். கணினித் திரையில் வாசிக்கும் பழக்கமும் அண்ணைக்கு இல்லை. வேறு வழியில்லாமல் மரிசெலின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"புத்தகம் வெளியே போகாது. இங்கேயே இருந்து வாசியுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டார் மரிசெல்.

அண்ணை குசினி மேசையில் உட்கார்ந்து தமிழில் வாசித்து, தெரிந்த ஜெர்மனில் சொன்னார். தோழிகள் சுற்றியிருந்து கேட்டார்கள், நூடில்ஸ் தட்டு நிரம்பிக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு அவரை யாரும் கூப்பிடவில்லை, தானாகவே போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார்.

ஒரு மத்தியானம் சிறீதரன் சாப்பிட உட்காரும்போது தொலைபேசி அடித்தது. அண்ணைதான். பின்னால் பெண்களின் ஆரவாரம் கேட்டது.

"சிறீ, என்ன வேலை பாத்திருக்கிறீர்? போராளியளுக்குச் சோறு குடுத்த அந்த வயசுபோன கடைக்காரியைக் கப்பலிலை ஏத்தி நாடு கடத்தினதோடை அத்தியாயத்தை முடிச்சிட்டீர். நான் கண்ணைத் துடைச்சுக்கொண்டு வாசிக்கிறன், இவையள் சிரிக்கினம். ஆறேழு வருசத்திலை அவ உயிரோடை திரும்பி வந்தவவாம். அங்கை பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கே தெரிஞ்ச கதையாம். ஏன் எழுதேல்லை?"

நாடு விட்டுப் போனவள் திரும்பி வந்திருப்பாள் என்று சிறீதரனுக்குத் தோன்றவே இல்லை. அதனால் தேடியும் பார்க்கவில்லை.

"அண்ணை, எவ்வளவு வாசிச்சிட்டியள்?"

"முடிச்சிட்டன். இப்ப ரண்டாந்தரம் போகுது. அதை விடும், முதலிலை அவவை வீட்டை கொண்டுவந்து சேரும்."

"ஆர் ஃபோனிலை?" என்று சந்திரமதி சோற்றுக் கோப்பையோடு வந்தார்.

"ஒரு வாசகர். பிழை பிடிக்கிறார்" என்றார் சிறீதரன். பரிசு கிடைத்தவர் போல முகம் மலர்ந்திருந்தது, கண் கலங்கியிருந்தது.

"அப்ப ஸ்கீயளைக் கெல்லரிலை வைக்கலாம்" என்றார் சந்திரமதி.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. சிறீதரன் கணினியைத் திறந்து அந்தக் கடைக்காரியைக் கப்பலேற்றி வீட்டுக்கு அழைத்து வந்தார்.