இருபத்தைந்தாவது பெயர்

எங்கள் கழகத்தின் இறுதி அணியில் யார் யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. அது சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் உதைபந்தாட்டக் கழகம். ஒவ்வொரு பருவத்துக்கும் முப்பத்தைந்து பேரைக் கண்டிக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்து, இருபத்தைந்து பேரைப் பதிவு செய்வார்கள். கோச் யாரைத் திட்டுகிறாரோ அவன் உள்ளே. யாரிடம் திடீரென்று மரியாதையாகப் பேசத் தொடங்குகிறாரோ, அவன் பையைக் கட்ட வேண்டியதுதான். இந்த ஒரு கணக்கை வைத்தே இரண்டு பருவங்கள் பட்டியலை அப்படியே சொல்லியிருக்கிறேன்.

இம்முறை இடது பக்கப் பின்வரிசையில் ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. அதற்கு ஆள் இரண்டு. ஒருவன் நான், மற்றவன் என் கூட்டாளி. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள். எனக்கு முப்பது முடிந்துவிட்டது. இந்த வருடம் விட்டால் வேறெந்தக் கழகமும் என்னைத் திரும்பிப் பார்க்காது.

ஆட்டம் இல்லாத மாதங்களில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுப்பேன், படிவம் நிரப்பிக் கொடுப்பேன். ஒவ்வொரு வருடமும் நான் பாதியில் விட்டுப் போவது முதலாளிக்குச் சலித்துவிட்டது. "இந்த முறை போனா, திரும்பி வந்து நிக்காதீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து, மைதானத்துக்கு எதிரில் இருந்த தேநீர்க் கடையில் என் இருபத்தைந்து பெயர்களையும் கூட்டாளிக்குச் சொன்னேன். கடைசிப் பெயர் என்னுடையது.

"கோவிக்காதடா, ஒன் பேரு வரல" என்றேன்.

அவன் தலை குனிந்துகொண்டான். "நானும் அப்படித்தான் நெனச்சேன். கட்டாருக்குப் போகப் பாக்குறேன் மச்சான். ஒனக்கு நிச்சயம். மொதலாளிகிட்ட இப்பவே சொல்லிரு, கடைசி நேரத்துல சொன்னா அந்த மனுசனுக்குக் கஷ்டம்."

அவனுக்கு இன்னொரு தேநீரும் இரண்டு ரோல்ஸும் வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டுத் தேற்றினேன். அதை இப்போது நினைத்தாலும் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்த வாரம் முழுவதும் கோச் அவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் "நல்லா செய்றீங்க தம்பி" என்றார். ஊருக்கெல்லாம் பார்த்த கணக்கை எனக்கு மட்டும் பார்க்கவில்லை.

மறுநாளே முதலாளியிடம் சொன்னேன். அவர் என் இடத்துக்கு ஒரு பெண்ணை வேலைக்குப் பேசி வைத்தார்.

கடையில் எனக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று பின்னேரம் கூட்டாளி அவசரமாக வந்தான். கையில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இன்னும் சில தாள்களும் இருந்தன. கட்டார் வேலைக்கு ஏஜென்சிக்காரன் கேட்டானாம். நான் ஓர் அம்மாவுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"நீ அவங்கள கவனி, நானே எடுத்துக்குறேன்" என்று உள்ளே வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினில் கொப்பி எடுத்தான். வெளிநாடு போகிறவன் பாஸ்போர்ட் இல்லாமல் எதைக் கொப்பி எடுக்கிறான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். தினமும் பத்துப் பேருக்கு அதே வேலையைச் செய்கிறவன் நான். கேட்கத் தோன்றவில்லை.

கடையைப் பூட்டுமுன் கண்ணாடியைத் துடைக்க மெஷினின் மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு தாள் கவிழ்ந்து கிடந்தது. தானே கொப்பி எடுக்கிறவர்கள் கடைசித் தாளை எப்போதும் உள்ளேயே விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் கழகத்தின் பதிவுப் படிவம் அது. அவன் பெயர், இடது பக்கப் பின்வரிசை, கீழே கோச்சின் கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த திகதி, நான் அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தியது.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் என்னைக் கடையை விடச் சொல்லியிருக்கிறான். கொப்பி எடுக்க வேறு கடைக்காவது போயிருக்கலாம். என்னை அவ்வளவு பெரிய முட்டாள் என்று முடிவே கட்டிவிட்டான் போல. தாளைக் கிழித்துப் போட இரண்டு தடவை கை போனது. கிழிக்காமல் ஒரு பழைய புத்தகத்துக்குள் வைத்து எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, கடைசிப் பயிற்சி ஆட்டம் முடிந்ததும் பட்டியல் வாசிக்கும் நாள். நான் போனபோது அவன் மைதானத்து ஓரத்தில் நாலைந்து பேருக்கு நடுவில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "இந்தா வர்றாரு நம்ம லெஃப்ட் பேக்கு" என்று சிரித்தான். அவனைத் தனியே கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன்.

"மெஷினுக்குள்ள கெடந்துச்சு" என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. தாளை விரித்துப் பின்பக்கமும் புரட்டி, கசங்கியிருக்கிறதா என்று பார்த்தான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "கோச்கிட்ட காட்டினியா?" என்றான்.

"இல்ல."

அவனுக்கு மூச்சு வந்தது. "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு கோச்தான் சொன்னாரு மச்சான். தெரிஞ்சா நீ வராம நின்னுருவன்னு பயந்தாரு." படிவத்தைப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, என் கையைப் பிடித்தான். "இன்னிக்கு மட்டும் வெளாண்டுட்டுப் போடா. எனக்கு எதிர்ல நிக்க ஆள் இல்லாமப் போயிரும்."

கையை உதறிவிட்டு நடந்தேன். பின்னால் கோச் என் பெயரைச் சொல்லி, "தம்பி, எங்க போறீங்க?" என்று மரியாதையாகக் கேட்பது காதில் விழுந்தது. பழக்கத்தில் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறி, கடை வாசலில் இறங்கினேன். உள்ளே புதிதாக வந்த பெண் யாருக்கோ கொப்பி எடுத்துக்கொண்டிருந்தாள்.