மஞ்சள் பூசிய கழுத்து

ஷேக் தாவூதுக்கு மதுரையில் ‘சந்தேகம் பாய்’ என்று பெயர். காஜிமார் தெருவில் அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவன்கூட அப்படித்தான் சொல்லுவான். செம்புக்குள் விரலை விட்டுப் பார்த்து, “தண்ணி எந்தக் கெணத்துது?” என்று கேட்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்?

உத்தியோகமும் அதற்கு ஏற்றதுதான். வாயில்லா ஜீவன்களைக் காப்பதற்கென்று ஊரின் பெரிய மனிதர்கள் கூடி ஒரு ஜீவகாருண்யச் சங்கம் வைத்திருந்தார்கள். அதன் ஏஜெண்டு தாவூது. காக்கிக் கோட்டும் பித்தளை வில்லையுமாக, வாடிப்பட்டி ரஸ்தா நகரை நெருங்குகிற விளாங்குடிப் பக்கம் நிற்பார். புண்பட்ட மாட்டைப் பூட்டி வருகிறவனை நிறுத்திக் கேஸ் எழுதித் தல்லாகுளம் கோர்ட்டுக்கு அனுப்புவார்.

அதற்கு முன்பு அவர் மாட்டுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தவர். காளையைக் கீழே சாய்த்துக் காலைக் கட்டும்போது அதன் உடம்பு முழுவதும் கைக்கு எட்டும். சொந்தக்காரன் எதை மறைக்கிறான் என்பதும் அப்போது தெரியும். வாலைத் திருகி ஒடித்துவிட்டு, வேலியில் மாட்டிக்கொண்டது என்பான். விலாவில் தார்க்குச்சி குத்திய தழும்பைக் காட்டினால் முள் கிழித்தது என்பான். இந்தப் பொய்களைக் கேட்டுக் கேட்டு ஊறியதுதான் அவருடைய சந்தேகம்.

அந்த வருஷம் அவருக்கு இரண்டு சந்தேகங்கள் இருந்தன.

ஒன்று, மோர் விற்கிற முத்துத்தாய்மேல். ரஸ்தா ஓரத்துப் புளியமரத்தடியில்தான் அவளுக்குக் கடை. தாவூது வந்து நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேற்கேயிருந்து வருகிற வண்டிகள் புண்பட்ட மாடு ஒன்றுகூட இல்லாமல் வரும். அவர் ஒளிந்து நின்றாலும் அப்படித்தான். யாரோ தகவல் சொல்கிறார்கள். அவள் மோரை அவர் தொடுவதே இல்லை.

இன்னொன்று, சங்கத்தின் காரியதரிசி வைத்தியலிங்கத்தின் மேல். அவருக்கு ஜின்னிங் பேக்டரி இருந்தது. வாடிப்பட்டிப் பக்கத்துப் பருத்தி முழுவதும் அவர் வண்டிகளில்தான் வந்தது. மேடையில் ஏறினால் எறும்புக்கும் உயிர் உண்டென்று கண்கலங்கப் பேசுவார். ஏழை ஜனங்கள் கோயிலில் கிடா வெட்டுவதைக் காட்டுமிராண்டித்தனம் என்பார். அவருடைய வண்டி மாடுகளுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து அனுப்புவார்கள். சாமி மாடுகள் என்று ஊரே மெச்சியது.

தாவூதுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. நெற்றியில் ஒரு பொட்டுத்தான், கழுத்தில் ஏன் இத்தனை மஞ்சள்? நுகத்தடி உட்காருகிற இடத்தில் ஏன் சாந்து மாதிரி அப்ப வேண்டும்?

வீட்டில் மெஹருன்னிசாவிடம் சொன்னார்.

“அல்லாவுக்குப் பொதுவா ஒண்ணு சொல்றேன்,” என்றாள் அவள். “மஞ்சளும் குங்குமமும் வச்ச மாட்டுமேல நீங்க கை வச்சீகன்னா, அன்னைக்கே இந்தத் தெரு பத்தி எரியும். புண்ணு இருந்துச்சா இல்லையான்னு எவன் பாக்கப் போறான்?”

அவள் சொன்னது பொய்யில்லை. பூசியவனுக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு துலுக்கன் தொட முடியாத இடமாகப் பார்த்துத்தான் பக்தியை அப்பியிருக்கிறான். சங்கம் வேறு ஆளை வைத்திருந்தால், அவனுக்கு ஏற்ற வேறு பூச்சைத் தேடியிருப்பான்.

அல்லது எல்லாம் தன் கோணல் புத்திதானோ? முந்தின மாதம் வைத்தியலிங்கம் கூப்பிட்டு, “கேஸ்ல வண்டிக்காரன் பேரை மட்டும் எழுதினாப் போதும், தாவூது” என்று சொன்ன கோபம்தான் மஞ்சளாகத் தெரிகிறதோ? தன் சந்தேகத்தையே சந்தேகித்துக்கொண்டு சில வெள்ளிக்கிழமைகளை விட்டுவிட்டார்.

மாசிமாத வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பேக்டரி வண்டியொன்று பருத்திப் பொதியோடு வந்தது. ஓட்டியவன் கருத்தக்கண்ணன். இடப்பக்கத்துச் செவலைக் காளை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நடந்தது. கழுத்தைச் சுற்றி ஈ மொய்த்தது.

“நிறுத்துப்பா.”

“சாமி மாட்டை மறிக்கிறியே பாய், நல்லாவா இருக்கு?”

“நல்லா இருக்கிற மாடு ஏன் சாஞ்சு நடக்குது?”

“அதுக்கு அப்படி ஒரு நடை. உனக்குச் சந்தேகப்படுறது மாதிரி.”

பின்னால் வந்த வண்டிகள் நின்றன. ஆட்கள் இறங்கி வந்தார்கள். “பாய்க்கு நம்ம மாட்டுமேல என்ன பாசம்?” என்றான் ஒருவன். இன்னொருவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. தாவூது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். தொட்டால் கலவரம். விட்டால் இன்னொரு நடை முழுக்க அந்தக் காளை அந்த நுகத்தடியைச் சுமக்கும்.

அப்போது முத்துத்தாய் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய கறவை பால் வற்றிக் கிடந்தது. மஞ்சள் பூசிய காளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் பால் திரும்பும் என்று அவளுக்கு நம்பிக்கை, வண்டி நின்றால்தானே?

“இன்னைக்காச்சும் வண்டி நின்னுச்சே. நகருங்க எல்லாரும்.”

“மதினி, தொடாத!” என்று கத்தினான் கருத்தக்கண்ணன்.

தாவூது சட்டென்று நிமிர்ந்தார். கும்பிட வருகிறவளை ஒருவன் ஏன் தடுக்கிறான்?

முத்துத்தாய் அதற்குள் காளையின் கழுத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டாள். காளை முன்னங்கால் மடங்கித் துடித்தது. கையைக் கண்ணருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். மஞ்சளோடு சீழும் ரத்தமும் விரலிடுக்கில் வழிந்தன. நாற்றத்தில் பக்கத்தில் நின்றவன் மூக்கைப் பொத்தினான்.

“அடப்பாவி! இதையாடா என்னைக் கண்ணுல ஒத்திக்கச் சொன்னே?”

“நானா சொன்னேன்? தொடாதன்னுதான சொன்னேன்!” கருத்தக்கண்ணன் குரல் உடைந்தது. “பேக்டரி வாசல்லயே பூசி விடுறாக மதினி. அதுக்குன்னே ஒரு ஆளு. இந்தக் காளை வேணாம்னு சொன்னா, நீ வேணாம்னு சொல்லுவாக.”

தாவூது பென்சிலை எடுத்தார். கூட்டம் வழிவிட்டது.

“சாட்சி சொல்லுவியா தாயி?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “யாரு பேரை எழுதப் போறே?”

அவர் பார்வை கருத்தக்கண்ணன் பக்கம் போனது.

“இவன் பேரைத்தானே? நீ நிக்கிற எடத்தை வண்டிக்காரங்களுக்குச் சொல்றது யாருன்னு தேடுறியாமே. நாந்தேன். கூலிக்கு ஓட்டுறவன் அபராதம் கட்டுவான், மாட்டுக்காரன் மாலை போட்டுக்கிட்டு மேடையில பேசுவான். அதுக்கு நான் சாட்சியா? மொதலாளி பேரை எழுது, வாரேன். இல்லையா, கையைக் கழுவிட்டுப் போறேன்.”

தான் சந்தேகித்தது சரிதான். ஆனால் அவள் செய்ததில் தப்பு எங்கே என்று தேடினால், அது வந்து தன் பென்சில் முனையில் நின்றது. மாட்டின் சொந்தக்காரனையும் பிடிக்கலாம் என்று சட்டம் சொல்லியிருந்தது. சங்கம் தொடங்கியதிலிருந்து ஒரு சொந்தக்காரன் பேரைக்கூட அவர் எழுதியதில்லை.

எழுதினார். வைத்தியலிங்கம் என்று, முழுப் பேராகவே. காளையை அவிழ்த்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள்.

மறுநாளே ஆள் வந்து கூப்பிட்டான். வைத்தியலிங்கம் கோபமே படவில்லை. தாவூதை அதுதான் பயமுறுத்தியது.

“மதக் கலவரம் உண்டாக்கப் பார்த்தீர்னு புகார் வந்திருக்கு. வண்டிக்காரன் பேரா மாத்தி எழுதிட்டா, புகாரை நான் அமுக்கிடுவேன்.”

“புகார் குடுத்தது யாருங்க?”

“ஏன்?”

“இல்ல, நீங்களாத்தான் இருக்கும்னு ஒரு சந்தேகம்.”

பித்தளை வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எழுதிய கேஸை எழுதினபடியே தல்லாகுளம் கோர்ட்டில் கொடுத்தார்.

கோர்ட்டில் வைத்தியலிங்கத்தின் வக்கீல், ஏஜெண்டுதான் மதத் துவேஷத்தில் காளையைக் காயப்படுத்தினான் என்றார். முத்துத்தாய் கூண்டில் ஏறினாள்.

“அவரு மாட்டைத் தொடவே இல்ல சாமி. கை வச்சது நானு. நானும் உங்க சாமியைத்தான் கும்பிடுறேன். இப்ப என்மேல என்ன துவேசம் சொல்லுவீக?”

“உனக்கும் இந்தப் பாய்க்கும் ரொம்ப நாள் பழக்கமோ?”

“என் கடை மோரை நம்பி அந்த மனுசன் ஒரு வாய் குடிச்சதில்ல. அம்புட்டுத்தேன் பழக்கம்.”

மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மாட்டு டாக்டர், கழுவிப் பார்த்த புண்ணின் ஆழத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. அபராதம் வைத்தியலிங்கத்துக்கு விழுந்தது. அவருக்கு அது ஒரு வெற்றிலைச் செலவு. ஆனால் அவர் பேர் கோர்ட்டில் உரக்கப் படிக்கப்பட்டதை வண்டிக்காரர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். சங்கம் அவரைக் காரியதரிசியாகவே வைத்துக்கொண்டது. வில்லையை வைத்துவிட்டு வந்த தாவூதைத்தான் முறைப்படி நீக்கியது.

அவர் லாடப் பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டு அதே புளியமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். முத்துத்தாய் மோரை நீட்டினாள். அவர் செம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“விரலை விட்டுறாத பாய், அப்புறம் நான் விக்க முடியாது,” என்றாள்.

வெள்ளிக்கிழமை கருத்தக்கண்ணன் வேறு முதலாளியின் வண்டியில் வந்தான். யாரும் மறிக்காமலே நிறுத்தினான். மாடுகளின் கழுத்தில் மஞ்சளும் இல்லை, ஒன்றும் இல்லை.

“பாத்துக்க பாய். வெறுங்கழுத்து.”

தாவூது எழுந்து வந்து, நுகத்தடியைத் தூக்கி, அதன் அடியில் கையை ஓடவிட்டார். மயிலைக் காளை அசையாமல் அசை போட்டது.

“வில்லை போனப்புறமும் என்னை நம்பலையா?”

“இது சரிப்பா,” என்று சொல்லிவிட்டு, தாவூது வண்டியைச் சுற்றிக்கொண்டு அடுத்த மாட்டிடம் போனார்.