தாளுக்குள் ஒரு கை

தை மாதம் வந்துவிட்டால் அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி போகும் ரோட்டில் தார் தெரியாது. அறுத்த குதிரைவாலிக் கதிரைத் தாளோடு ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறினால் மணி உதிரும். மற்ற டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஓட்டுவார்கள். எண்பதுகளில் அந்த ரூட்டில் பஸ் ஓட்டிய எனக்கு அது ஒரு கிறுக்கு. ஓரத்தில் கிடக்கும் தாள்கூட மிதிபடாமல் போகக்கூடாது என்று வண்டியை ஒதுக்கி ஏற்றுவேன்.

அப்படி ஏற்றிய ஒரு மத்தியானம், தாளுக்குள்ளிருந்து கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று மேலே வந்தது.

பிரேக்கில் ஏறி நின்றேன். தானியத்துக்குக் காவல் இருந்த பெண், வெயிலுக்குத் தாளை இழுத்து மேலே போட்டுக்கொண்டு ஓரத்தில் அசந்திருக்கிறார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முந்தானை மட்டும் முன்சக்கரத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. எழுந்திருக்க முடியாமல் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"வண்டியக் கொஞ்சம் பின்னால எடுங்கண்ணே."

எடுக்க முடியவில்லை. கிளட்சை மிதிக்கப் போன கால் வெடவெடவென்று ஆடியது. கடைசியில் கண்டக்டர் எட்டி கியரை நியூட்ரலுக்குத் தள்ள, பயணிகள் இறங்கி பஸ்ஸைக் கையால் பின்னே தள்ளித்தான் அவரை விடுவித்தார்கள்.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. டூட்டிக்குச் சட்டை மாட்டும்போதே வேர்த்துக் கொட்டும். பரப்பிக் கிடக்கும் தாளெல்லாம் மூச்சுவிடுவது போலத் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்தி, கண்டக்டரை இறங்கிக் காலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். "என்ன டிரைவரே, புதையல் தேடுறீகளா?" என்று பின்னாலிருந்து கேலி வரும். எரிச்சலில் கத்துவேன். கத்திவிட்டு மறுபடியும் தேடச் சொல்வேன். ஒருநாள் கண்டக்டரே, "அண்ணே, நீங்க கொஞ்ச நாளு ஷெட்டுல இருங்க" என்றான். நல்லதுக்குத்தான் சொன்னான். அவமானத்தில் எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

ஷெட்டில் வண்டி கழுவினேன். ஸ்டியரிங்கைத் துடைக்கும்போதுகூட சீட்டில் உட்கார மாட்டேன், கீழே நின்றே துடைப்பேன். இனி இந்தக் கைக்கு ஈரத்துணிதான் போலிருக்கிறது என்று பயந்தேன்.

அடுத்த அறுப்பில் ஆள் பற்றாக்குறை. என்னை அதே ரூட்டில் ஏற்றிவிட்டார்கள். அதே இடம், ரோடு முழுக்கத் தாள். நிறுத்திவிட்டேன். கண்டக்டர் போய்த் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கைகாட்டினான். அப்போதும் கால் அசையவில்லை.

அந்தப் பெண்ணே என் சன்னலுக்குக் கீழே வந்தார்.

"நாந்தேண்ணே, அன்னைக்குக் கெடந்தவ."

"தெரியுது தாயீ."

"ஒங்களுக்கும் ஒறக்கம் வரலையா?"

நான் சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் குனிந்தேன்.

"எனக்குப் பஸ்ஸுச் சத்தம் கேட்டாலே கொல நடுங்குது. வீட்டுக்குள்ள படுத்தாலும் சேலையச் சக்கரம் இழுக்குது. இப்படியே எத்தன நாளைக்கு? நான் தாளு முடியிற எடத்துல நிக்கிறேன். என்னையப் பாத்துக்கிட்டே வாங்க. நகர மாட்டேன்."

முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்றார். முதல் கியர் போட்டேன். சக்கரத்துக்கு அடியில் தாள் நொறுங்க நொறுங்க, அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினேன். பிரேக் போட வேண்டிய இடத்தில் கால் தானாக மிதித்தது. வண்டி அவருக்கு முன்னால் நின்றது.

அப்போதுதான் பார்த்தேன், அவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"வந்துட்டேன் தாயீ, கண்ணத் தெறங்க."

ஓய்வு பெறும்வரை அந்த ரூட்டை நான் விடவில்லை. இப்போது வேறு யாரோ ஓட்டும் பஸ்ஸில் போகும்போதும், தாள் நொறுங்கும் சத்தம் கேட்டால், என் வலது கால் சீட்டுக்கு அடியில் பிரேக்கைத் தேடுகிறது.