நடுக்கம் பின்சீட்டுக்கு வந்தது

கார் வருவதற்கு முன்னால் நான் கொள்ளேகாலுக்கு நினைத்தபோது போய்வந்தேன். மைசூரில் பஸ் ஏறினால் நரசிபுரம், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். கார் வந்தது, என் பயணம் நின்றது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் மேஸ்திரி. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு காப்பித் தோட்டத்து துரையின் பழைய கார் அவர் கைக்கு வந்தது. ரயில்வே லைன் வீடுகளில் கார் நின்ற ஒரே வாசல் எங்களுடையது. குழாயடிக்குக் குடத்தோடு போனால், "கார்க்காரம்மா, தண்ணிக்கு நடந்தா வர்றீங்க?" என்று கேட்பார்கள்.

அந்தக் காருக்கு ஒரு வியாதி. மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை. முப்பது மைல் வேகம் வந்ததும் ஸ்டீயரிங் ஜுரம் கண்டவன் மாதிரி உதறும். அதைச் சரிசெய்யாமல் வெளியூர் போகக்கூடாது என்றார். சரி, பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

"கார் வாசல்ல நிக்கறப்ப எம் பொண்டாட்டி கோழிக்கூடைக்குப் பக்கத்துல உக்காந்து பஸ்ஸுல போறதா? பட்டறையில நான் தலை காட்ட வேண்டாமா?"

காரிலும் போகக்கூடாது, பஸ்ஸிலும் போகக்கூடாது. கொள்ளேகாலுக்கு ரயிலும் கிடையாது.

அங்கே என் தங்கைக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அம்மா செத்து வெகுகாலம் ஆகிறது. தங்கையின் முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. பிழைக்கமாட்டாள் என்று எல்லோரும் வெளியே போய் நின்றார்கள். என் கையைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. இரண்டாவதுக்கும் நீ இருக்கணும் அக்கா என்று அப்போதே வாக்கு வாங்கிக்கொண்டாள். பட்டு விற்க வந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "மாசம் நெறஞ்சுக்கிட்டு வருதுங்க. அக்கா எப்ப வருமுன்னு கேட்டுக்கிட்டே இருக்குது."

இவரோ ஞாயிறுதோறும் காரைப் பிரித்தார். மோட்டார் ரிப்பேர் கடைக்காரனிடம் விடுங்கள் என்றால் கோபம் வரும். "ரயில் எஞ்சினையே பிரிச்சுப் போட்டுப் பூட்டினவன் நான்." சக்கரத்து நட்டுகளை முறுக்கினார். பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் அடைத்தார். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, என்னை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொன்னார். அவர் அடியில் படுத்துக்கொண்டு எந்த மூட்டு லொடலொடக்கிறது என்று பார்ப்பார். என் புடவையில் பிடித்த கரி கடைசிவரை போகவில்லை. முன்பக்கம் தொங்கிய ஸ்டெப்னிச் சக்கரத்தின் கனத்தால்தான் ஆடுகிறதோ என்று அதையும் கழற்றிக் கொல்லையில் சாய்த்து வைத்தார்.

ஒவ்வொன்றுக்கும் பிறகு நஞ்சன்கூடு ரோட்டில் வெள்ளோட்டம். என்னையும் ஏற்றிக்கொள்வார். ஒருநாள் ரோட்டோரத்தில் இறக்கிவிட்டு, "நான் வேகமா வர்றேன், முன்சக்கரம் எப்படி ஆடுதுன்னு பாத்துச் சொல்லு" என்றார். வேகாத வெயிலில், சாமுண்டி மலையைப் பார்த்துக்கொண்டு, எருமை ஓட்டிப் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, ஒரு சக்கரத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். தங்கைக்கு வலி எடுத்திருக்குமோ என்பதுதான் என் தலைக்குள் இருந்தது. கார் சர்ரென்று என்னைத் தாண்டிப் போயிற்று.

"என்ன பாத்தே?"

"தூசியப் பாத்தனுங்க."

ஏழெட்டு வாரம் இப்படிப் போயிற்று. இரும்பில் தொட வேண்டியதையெல்லாம் தொட்டுவிட்டார். ரப்பரை அவர் யோசிக்கவே இல்லை. ஆயுள் முழுக்க இரும்புச் சக்கரத்தோடு இருந்த மனுஷர். டயர் என்றால் காற்று இருக்கிறதா என்று காலால் ஒரு உதை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிறு, பட்டறையில் தானே கடைந்த பித்தளை வளையங்களை, புஷ் என்பார், ஸ்டீயரிங் மூட்டில் போட்டார். முன் டயர்கள் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்ததால், அவற்றைப் பின்னால் மாட்டி, பின் டயர்களை முன்னால் மாட்டினார். வெள்ளோட்டம் போனோம். முப்பது வந்தது. ஸ்டீயரிங் அசையவில்லை.

"பாத்தியா! எங் கையில செஞ்ச புஷ்ஷு!"

நான் பின்சீட்டில் இருந்தேன். என் இடுப்புக்குக் கீழே சீட்டு உதறிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த நடுக்கம் அப்படியே என்னிடம் வந்துவிட்டது. புஷ்ஷில் ஒன்றும் இல்லை, கோளாறு டயரில்தான் என்று எனக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று.

"பின்னால ஏதாச்சும் ஆடுதா புள்ள?"

ஆடுகிறது என்றால் இன்னும் ஒரு மாதம் கார் ஜாக்கியில் நிற்கும்.

"ஒண்ணும் ஆடலீங்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், இல்லையென்றால் குரலும் உதறியிருக்கும்.

மறுநாளே லீவு போட்டுக் கிளம்பினார். நரசிபுரம் வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். நான் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச தூரம் என்று அந்த டயரைக் கெஞ்சிக்கொண்டு வந்தேன். ஊரைத் தாண்டியதும் அது வெடித்தது. கார் குடிகாரன் மாதிரி இழுத்துக்கொண்டு போய் ஒரு புளியமரத்தடியில் நின்றது. ஸ்டெப்னி எங்கே இருக்கிறது? மைசூரில், கொல்லையில், சுவரில் சாய்ந்துகொண்டு.

சக்கரத்தைக் கழற்றி டயரைப் பிரித்தார். உள்ளே ஒரு பக்கம் இன்னொரு டயரின் துண்டை வைத்துத் தைத்திருந்தது, செருப்புக்குத் தோல் வைத்த மாதிரி. அந்தக் கனம்தான் இத்தனை நாளும் உதறியது. துரை தந்த சீதனம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

பின்னால் கொள்ளேகால் பஸ் வந்தது. நான் ரோட்டின் நடுவில் போய்க் கையைக் காட்டினேன்.

"கார வச்சுக்கிட்டு பஸ்ஸிலயா போறே?"

"கார நீங்க வச்சுக்குங்க."

"ஹத்தி அம்மா, ஹத்தி!" என்று ஏறச் சொல்லிக் கண்டக்டர் கன்னடத்தில் கத்தினான். ஏறிக்கொண்டேன். உண்மையாகவே கோழிக்கூடைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. காரை விட்டு வர முடியாமல் அவர் மரத்தடியில் நின்றார். நின்று பார்க்கட்டும் என்றிருந்தது.

தங்கை வலி எடுத்துப் பாயில் கிடந்தாள். வாசலில் என் குரல் கேட்டதுமே கையை நீட்டிவிட்டாள்.

"மாமா கார்லயா வந்தே, அக்கா?"

"பாதி தூரம்."

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. இந்தத் தடவை ரத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் என் கையை விட்டாள்.

தீட்டுக் கழிந்ததும் இவர் வேறு டயர் மாட்டிக்கொண்டு என்னை அழைத்துப்போக வந்தார். மைசூர் வரை ஸ்டீயரிங்கும் ஆடவில்லை, என் சீட்டும் ஆடவில்லை.

"பாத்தியா புள்ள, அந்தப் புஷ்ஷு எப்படிப் பிடிச்சு நிக்குது?"

டயருக்குள் இருந்த துண்டைத் தன் கையால் எடுத்துப் பார்த்தவர் சொல்கிறார். எனக்கு வேண்டியதைக் கேட்டேன்.

"அப்ப அடுத்த மாசம் தொட்டில் போடறதுக்குப் போலாமுங்களா?"

"போலாம், போலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பிரேக்குதான் ஒரு பக்கமா இழுக்குது. அத மட்டும் ஒருக்காப் பிரிச்சுப் பாத்துரணும்."